மடக்கு கத்தி வாங்கறப்ப ஸ்டீல் பேர கடைசியாப் பாருங்க

தினமும் பாக்கெட்ல வெச்சுக்க தரமான மடக்கு கத்தி ஒண்ணு வேணும், எந்த ஸ்டீல்ல வாங்கினா ரொம்ப நாள் கூர் நிக்கும், லாக் (திறந்த பிளேடு தானா மடங்காம பூட்டற அமைப்பு) இருக்கறது வாங்கணுமா வேணாமான்னு கேட்டிருக்கீங்க. இதுல ஸ்டீல் கேள்விய கொஞ்சம் தள்ளி வெச்சுக்கறேன், ஏன்னா கத்தி பக்கம் புதுசா வர்ற முக்கால்வாசி பேர் அங்கதான் ஆரம்பிக்கறாங்க, விளம்பரமும் பிளேடுல பொறிச்சிருக்கற நாலு எழுத்த வெச்சேதான் ஓடுது, கடைசில விலை கூடின ஸ்டீல்ல ஒரு தடிமனான கத்திய வாங்கிட்டு "என்னடா இது சாதாரண கத்தி அளவுக்குக் கூட வெட்ட மாட்டேங்குது"ன்னு நிக்கறாங்க. வெட்டற வேலைய செய்யறது பிளேடோட வடிவமும் மெலிவும். ஸ்டீல் முடிவு பண்றது அந்தக் கூர் எத்தனை நாள் தாங்கும், துரு பிடிக்குமா, உடையுமாங்கறததான்.

முதல்ல ஒரு வாரம் உங்களையே கவனிங்க, கத்தி இருந்தா நல்லாருக்குமேன்னு எப்பல்லாம் தோணுதுன்னு. பெரும்பாலும் பார்சல் டேப்ப கிழிக்கறது, அட்டைப்பெட்டிய மடிக்கத் தோதா வெட்டறது, கயிறு, பிளாஸ்டிக் பட்டை, பழம் நறுக்கறது, நூல் அறுக்கறது, எப்பவாவது ஒயர் தோல சீவறது, இவ்வளவுதான் வரும். இது எதுக்குமே பெரிய கத்தி தேவையில்ல. பிளேடு நீளம் 6 சென்டிமீட்டர்ல இருந்து எட்டு, எட்டரை வரைக்கும் இருந்தா தாராளம். அதுக்கு மேல போனா பாக்கெட்ல இடிக்கும், பக்கத்துல இருக்கறவங்க மிரண்டு பாப்பாங்க, வெயிட்டும் ஏறும். பக் 110னு 1964ல வந்த அமெரிக்கக் கத்தி ஒண்ணு இருக்கு, மடக்கு கத்தில லாக்னு சொன்னாலே அந்தக் காலத்து ஆளுங்க அதத்தான் சொல்வாங்க, அருமையான கத்தி, ஆனா பித்தளையும் மரமும் சேர்ந்து கிட்டத்தட்ட 200 கிராம் வரும். அத பெல்ட்ல உறை போட்டுத்தான் மாட்டிக்கணும், பாக்கெட்ல போட்டா பேன்ட் ஒரு பக்கமா இழுக்கும். அதே பெஞ்ச்மேட் கம்பெனியோட பக்அவுட் கத்தி வெறும் 52 கிராம்தான், மரக் கைப்பிடி போட்ட பிரெஞ்சுக் கத்தி ஒப்பினெல் நம்பர் 8 அதவிடக் கம்மி. கனமா இருக்கற கத்திய பத்து நாள் எடுத்துட்டுப் போவீங்க, பதினொண்ணாவது நாள் மேசை டிராயர்ல தூங்கும். கூட இல்லாத கத்தி எவ்வளவு நல்ல கத்தியா இருந்து என்ன பிரயோசனம்.

இப்ப மெலிவு. ஒரு கேரட்ட எடுத்துக்கோங்க. முதுகுப் பக்கம் 4 மில்லிமீட்டர் தடிமன் இருக்கற கத்தில அத குறுக்க வெட்டிப் பாருங்க, கூர் எவ்வளவு நல்லா இருந்தாலும் பாதி தூரம் போனதும் டக்குனு சத்தம் வரும், மிச்சப் பாதி வெட்டுப்படாம பிளந்து தெறிக்கும். பிளேடு ஆப்பு மாதிரி உள்ள இறங்குது, அவ்வளவுதான். அதே கேரட்ல ஒப்பினெலையோ விக்டோரினாக்ஸையோ (சுவிஸ் பேனாக்கத்தி) வெச்சா சத்தமே இல்லாம கீழ வரைக்கும் போகும், ஏன்னா அதோட பிளேடு முதுகுலயே ரொம்ப மெலிசு. அட்டைப்பெட்டிலயும் இதே கததான், தடிமனான பிளேடு நாலு இன்ச் போறதுக்குள்ள அட்டைக்குள்ள இறுகி நிக்கும், நீங்க இன்னும் அழுத்தி இழுப்பீங்க, அந்த மாதிரி அழுத்தறப்பதான் கை வழுக்கிக் காயமாகுது. அதனால வாங்கறப்ப முதுகு தடிமன பாருங்க, 2ல இருந்து 3 மில்லி நல்லது. அதவிட முக்கியம் கூருக்குக் கொஞ்சம் மேல, அதாவது தீட்டின பட்டை முடியற இடத்துல எவ்வளவு தடிமன்ங்கறது. அங்க அரை மில்லி அளவுல இருந்தா நல்லா வெட்டும், ஒரு மில்லிய நெருங்குச்சுன்னா அது வெட்டற கத்தி இல்ல, நெம்பற கத்தி. இந்த அளவ யாரும் பெட்டி மேல போட மாட்டாங்க, ஆனா தீட்டின பட்டை எவ்வளவு அகலமா பளபளன்னு தெரியுதுன்னு பாத்தாலே ஓரளவு புரிஞ்சிடும், பட்டை அகலமா இருந்தா பெரும்பாலும் பின்னாடி தடிமன் ஜாஸ்தின்னு அர்த்தம். முதுகுல இருந்து கூர் வரைக்கும் ஒரே சரிவா இறங்கற ஃபுல் ஃபிளாட் கிரைண்ட் தினசரி வேலைக்கு ரொம்ப தோது.

பிளேடு வடிவத்துல குழம்ப வேணாம், முதுகு நுனிய நோக்கி மெதுவா சரிஞ்சு இறங்கற டிராப் பாயின்ட் வாங்கினா எல்லா வேலைக்கும் ஆகும். பார்சல் பிரிக்கறதும் அட்டை வெட்டறதும்தான் உங்க வேலைன்னா ஷீப்ஸ்ஃபுட் மாதிரி கூர் நேராவும் நுனி தாழ்ந்தும் இருக்கறது இன்னும் நல்லது, நுனி எங்க போகுதுன்னு கட்டுப்பாடு கைல இருக்கும், உள்ள இருக்கற பொருள் கீறாது. பாதி ரம்பப் பல்லும் பாதி சாதாரண கூருமா வர்றத நான் யாருக்கும் சொல்றதில்ல. கைப்பிடிய ஒட்டி இருக்கற இடத்துலதான் நமக்கு பிடிமானமும் பலமும் அதிகம், செதுக்கற வேலை அங்கதான் நடக்கும், அங்க போய் பல்ல வெச்சுட்டு தீட்டறதுக்கும் கஷ்டப்பட வேண்டியிருக்கு. கயிறு மட்டுமே அறுக்கறவங்க முழு பல்லு வெச்சது வாங்கிக்கலாம்.

அடுத்தது லாக், இங்கதான் கொஞ்சம் பொறுமையா யோசிக்கணும். லாக் இல்லாத பழைய பாணி பேனாக்கத்தில முதுகுப் பக்கம் ஒரு ஸ்பிரிங் பிளேட திறந்த நிலைல அழுத்திப் பிடிச்சிருக்கும், அவ்வளவுதான். விக்டோரினாக்ஸோட சாதாரண 91 மில்லி (மூடினப்ப இருக்கற நீளம்) கத்திங்க எல்லாம் இந்த ரகம். வெட்டற திசைல அழுத்தற வரைக்கும் எந்தப் பிரச்சனையும் வராது, ஏன்னா அழுத்தம் பிளேட இன்னும் திறக்கத்தான் பாக்கும். நுனிய வெச்சுக் குத்தி ஓட்டை போடறப்ப, இல்ல ஆழமா சிக்கின பிளேட முதுகுப் பக்கமா ஆட்டி உருவறப்பதான் அது விரல் மேல மடங்கும். உங்க வேலைல குத்தற காரியம் கொஞ்சமாவது இருந்தா லாக் வெச்சதே வாங்குங்க, இல்லன்னா லாக் இல்லாததே போதும், சட்டச் சிக்கலும் கம்மி.

லாக்ல பல வகை இருக்கு. ஒப்பினெல்ல ஒரு வளையம், திறந்ததும் விரலால திருப்பி விட்டா பிளேடு மடங்காது, 1955ல வந்த யோசனை, இன்னிக்கு வரைக்கும் மாத்த வேண்டிய அவசியம் வரல, இப்ப வர்றதுல மூடின நிலைலயும் பூட்டிக்கலாம். லைனர் லாக்னா கைப்பிடிக்குள்ள இருக்கற மெல்லிய தகடு ஒரு பக்கமா நகர்ந்து பிளேடோட அடிக்குப் பின்னாடி முட்டுக் குடுக்கும். கைப்பிடியோட ஒரு பக்கமே அந்த முட்டா மாறினா அது ஃபிரேம் லாக், கிறிஸ் ரீவ்ங்கற கத்தி வடிவமைப்பாளரோட செபென்சா கத்தி மூலமா பிரபலமானது. இந்த ரெண்டுலயும் கவனிக்க வேண்டியது, மூடறப்ப உங்க கட்டைவிரல் பிளேடு வர்ற பாதைல இருக்கும், பழகற வரைக்கும் அவசரப்படாம மூடணும். பெஞ்ச்மேட் ஆக்சிஸ்னு கொண்டு வந்த குறுக்குக் கம்பி லாக்ல அந்தத் தொல்லை இல்ல, விரல் பாதைக்கு வெளியவே இருக்கும், இடதுகைக்காரங்களுக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும், இப்ப நிறைய கம்பெனி இதே அமைப்புல குடுக்கறாங்க. ஸ்பைடர்கோ கம்பெனியோட கம்ப்ரஷன் லாக்கும் விரல பாதைல வெக்காது. எந்த லாக்கா இருந்தாலும் சரி, அது ஒரு கூடுதல் பாதுகாப்பு, அத நம்பி கத்திய கடப்பாறையா மாத்தி நெம்பக் கூடாது. லாக் சரியா இருக்கான்னு பாக்கறேன்னு பிளேடோட முதுக மேசைல ஓங்கித் தட்டற வீடியோ எல்லாம் ஓடுது, தயவுசெஞ்சு அத செய்யாதீங்க, நல்லா இருக்கற லாக்கும் அதுல கெட்டுப் போகும். திறந்து வெச்சு, விரல் எதுவும் பிளேடு பாதைல இல்லாம பாத்துக்கிட்டு, முதுகுல கையால மெதுவா அழுத்தத்தக் கூட்டிப் பாருங்க, அசையலன்னா போதும்.

லாக் இருக்கலாமா கூடாதாங்கறத உங்க இடத்துச் சட்டமும் சேர்ந்துதான் முடிவு பண்ணும். பிரிட்டன்ல 3 இன்ச்சுக்கு மேல போகாத, லாக் இல்லாத மடக்கு கத்திய காரணம் எதுவும் சொல்லாமலே வெச்சுக்கலாம், லாக் வெச்சதுன்னா தகுந்த காரணம் வேணும். ஜெர்மனில ஒரு கையால திறந்து லாக் ஆகற கத்திய வெளிய எடுத்துட்டுப் போகத் தடை இருக்கு, வீட்ல வெச்சுக்கறது வேற விஷயம். ஒவ்வொரு இடத்துலயும் நீளத்துக்கு ஒரு கணக்கு, திறக்கற விதத்துக்கு ஒரு கணக்கு, பள்ளி, கோர்ட் மாதிரி இடங்களுக்குத் தனிக் கணக்கு. வாங்கறதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க. விமானத்துல போறப்ப லக்கேஜ்ல போட்டுருங்க, கேபின் பைல இருந்தா செக்யூரிட்டில பறிபோயிடும்.

கைப்பிடில ஜி10 (பிசின் ஏத்தி இறுக்கின கண்ணாடி இழை), கண்ணாடி இழை சேர்த்த நைலான், மைகார்ட்டா (பிசின் ஏத்தி இறுக்கின துணி), அலுமினியம், டைட்டானியம், மரம் எல்லாம் வரும். ஈரக் கைல வழுக்காம இருக்கறதுல ஜி10ம் மைகார்ட்டாவும் நல்லா இருக்கும். மரம் பாக்க அழகு, ஆனா ஒப்பினெல் தண்ணில நனைஞ்சா மரம் ஊதி பிளேட கவ்விக்கும், திறக்கவே வராது. அதுக்கு ஒப்பினெல் பிறந்த பிரான்ஸ்ல ஒரு வழி வெச்சிருக்காங்க, வளையத்த திறந்த பக்கம் வெச்சுட்டு கைப்பிடியோட பின்முனைய மேசைல ஒரு தட்டு தட்டினா பிளேடு கொஞ்சம் வெளிய வரும், அப்புறம் விரலால இழுத்துக்கலாம். எந்தக் கைப்பிடியா இருந்தாலும் இறுக்கிப் பிடிச்சு ஒரு நிமிஷம் வெச்சுப் பாருங்க. கிளிப்போட முனையோ ஏதாவது ஒரு ஓரமோ உள்ளங்கைல உறுத்துச்சுன்னா, அது நாலு பெட்டி வெட்டினதும் கொப்புளமா வரப்போற இடம். கைப்பிடில இந்த ஒரு விஷயத்துல மட்டும் சமாதானம் ஆகாதீங்க. கிளிப்ப பத்தி சொல்லணும்னா, 1981ல ஸ்பைடர்கோ தன்னோட முதல் மடக்கு கத்திய பாக்கெட் கிளிப்போடவும் பிளேடுல கட்டைவிரலுக்கு ஒரு வட்ட ஓட்டையோடவும் கொண்டு வந்ததுக்கு அப்புறம்தான் கத்தி பாக்கெட் ஓரத்துக்கே வந்துச்சு, இன்னிக்கு கிளிப் இல்லாத புது மாடலே அபூர்வம். ரெண்டு பக்கமும் மாத்தி மாட்டற மாதிரி ஓட்டை இருந்தா இடதுகைக்காரங்களுக்கு நல்லது.

சரி, ஸ்டீல். எந்த ஸ்டீல எடுத்தாலும் மூணு குணம் ஒண்ணோட ஒண்ணு இழுத்துக்கிட்டே இருக்கும், தேயாம கூர் நிக்கறது, உடையாம தாங்கறது, துரு பிடிக்காம இருக்கறது. ஒண்ண ரொம்பக் கூட்டினா இன்னொண்ணு குறையும். இதுக்கு மேல, ஒரே ஸ்டீல ரெண்டு கம்பெனி ரெண்டு விதமா சூடு பண்ணி பதம் ஏத்தினா ரெண்டும் வேற வேற கத்தியா நடந்துக்கும். பக் கம்பெனி 420எச்சிங்கற சாதாரண ஸ்டீல வெச்சுத்தான் இத்தன வருஷமா பேர் வாங்கிட்டு இருக்கு, காரணம் பதம். கடினத்த எச்ஆர்சின்னு ஒரு எண்ணால சொல்வாங்க, விக்டோரினாக்ஸ் பெரிய பிளேடு 56, மத்த நல்ல மடக்கு கத்திங்க பெரும்பாலும் 58ல இருந்து 61 வரைக்கும் இருக்கும். 56ன்னா சீக்கிரம் மழுங்கும்னு ஒதுக்கிடாதீங்க, அது ரெண்டு நிமிஷத்துல திரும்ப கூராகவும் செய்யும்.

டி2ன்னு நிறைய கத்தில பாப்பீங்க, கார்பன் ஒன்றரை சதவீதம், குரோமியம் 12 சதவீதம் கிட்ட. ஸ்டெயின்லஸ்னு சொல்றதுக்கு 10.5 சதவீத குரோமியம் போதுமே, அப்புறம் ஏன் டி2 துரு பிடிக்குதுன்னா, இருக்கற குரோமியத்துல பெரிய பங்கு கார்பனோட சேர்ந்து கார்பைடுங்கற கெட்டியான துகளா கட்டிக்கும், துருவத் தடுக்க மிச்சம் இருக்கறது போதாது. கூர் நல்லா நிக்கும், ஆனா வேர்வைலயும் கடல் காத்துலயும் புள்ளி புள்ளியா கறை விழும். கடலோரம் இருந்தா, நிறைய வேர்க்கற ஆளா இருந்தா டி2 வேணாம். எஸ்30வி மாதிரி வனேடியம் நிறைய இருக்கற ஸ்டீலு அட்டைய மாசக்கணக்கா வெட்டும், ஆனா அந்த வனேடியம் கார்பைடு சாதாரண சாணைக்கல்ல இருக்கற அலுமினியம் ஆக்சைட விட கடினம், அதனால தீட்டணும்னா டயமண்ட் கல்லு வாங்கிக்கணும். 2021ல வந்த மேக்னாகட் மூணு குணத்தையும் நல்லா சமன் பண்ணின ஸ்டீலு, விலையும் அதுக்கு ஏத்த மாதிரி. முதல் கத்திக்கு நான் சொல்றது 14சி28என் இல்ல 12சி27, ரெண்டும் ஸ்வீடன் ஸ்டீலு, துரு பிடிக்கறது ரொம்ப கம்மி, மெல்லிசா தீட்டினாலும் கூர் உதிராது, எந்தக் கல்லுலயும் சொன்னபடி கேக்கும். பிளேடுல ஸ்டீல் பேரே போடாம வெறும் "ஸ்டெயின்லஸ்"னு மட்டும் போட்டு, கம்பெனி பேரும் தெரியாததா இருந்தா அத விட்டுடுங்க.

தீட்டறது தெரியாதவங்க கைல எந்த ஸ்டீலும் ஒரு நாள் மொக்கைதான், அதனால கத்தியோட சேர்த்து ஒரு கல்லுக்கும் காசு ஒதுக்குங்க. ஒரு பக்கம் 400 கிரிட், மறுபக்கம் 1000 கிரிட் இருக்கற கல்லு போதும், எண் கூடினா கல்லு நைஸுன்னு அர்த்தம். பக்கத்துக்கு 17ல இருந்து 20 டிகிரி வரைக்கும் கோணம் வெச்சா சரி. டிகிரி எல்லாம் எப்படி கைல பிடிக்கறதுன்னு பயப்படாதீங்க, தீட்டின பட்டை மேல மார்க்கர் பேனால மை பூசுங்க, கல்லுல ரெண்டு இழுப்பு இழுத்துட்டுப் பாருங்க. மை மேல் பக்கம் மட்டும் அழிஞ்சிருந்தா கத்திய ரொம்ப படுக்க வெச்சிருக்கீங்க, கூரோட ஓரத்துல மட்டும் அழிஞ்சிருந்தா ரொம்ப நிமித்தி வெச்சிருக்கீங்க, பட்டை முழுக்க அழிஞ்சா அதான் உங்க கோணம், அப்படியே கைய வெச்சுக்கோங்க. ஒரு பக்கம் தீட்டிட்டே இருந்தா மறுபக்கத்துல மெல்லிசா ஒரு பிசிறு எழும்பும். கட்டைவிரல முதுகுல இருந்து கூர் பக்கமா வெளிய தடவினா நகத்துல மாட்டற மாதிரி தெரியும், கூரோட நீளத்துக்குத் தடவிப் பாக்காதீங்க, விரல் போயிடும். அந்தப் பிசிறு நுனில இருந்து அடி வரைக்கும் விட்டுப் போகாம வந்தாதான் அந்தப் பக்கம் முடிஞ்சது. அப்புறம் மறுபக்கம், அப்புறம் லேசா மாத்தி மாத்தி, கடைசில ஒரு தோல் பெல்ட்ல கூருக்கு எதிர் திசைல, அதாவது முதுகு முன்னால போற மாதிரி இழுத்து பிசிற எடுத்துடுங்க. தீட்டினதும் கூரா இருந்துச்சு, ரெண்டு நாள்ல போயிடுச்சுன்னு சொல்றவங்களுக்கு முக்கால்வாசி இந்தப் பிசிறு முழுசா போகாததுதான் காரணம், அவங்க ஸ்டீல குத்தம் சொல்லிட்டு இருப்பாங்க.

கத்தி கைக்கு வந்ததும் திருப்பிக் குடுக்கற தேதி முடியறதுக்குள்ள பாக்க வேண்டியத பாத்துருங்க. மூடி வெச்சு மேல இருந்து பாத்தா பிளேடு நடுவுல நிக்குதா, ஒரு பக்கம் உரசுதா. திறந்து நுனிக்குக் கொஞ்சம் முன்னாடி முதுகப் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டினா ஆட்டம் இருக்கா, இருந்தா பிவட் ஸ்க்ரூவ (பிளேடு சுழலற அச்சுல இருக்கற ஸ்க்ரூ) கால் சுத்து இறுக்கிப் பாருங்க, பெரும்பாலும் நட்சத்திர முனை வெச்ச டி6, டி8 டார்க்ஸ் ஸ்க்ரூ டிரைவர் போதும். மேல கீழ ஆட்டம் இருந்தா அது இறுக்கி சரியாகாது, அது லாக்கோட கோளாறு, திருப்பி அனுப்புங்க. லைனர் லாக்னா தகடு பிளேடு அடில எவ்வளவு தூரம் ஏறி நிக்குதுன்னு பாருங்க, மூணுல ஒரு பங்கு, பாதி வரைக்கும் இருந்தா நல்லது. ஓரத்துல தொட்டும் தொடாம இருந்தாலும் சரி, புதுசுலயே எதிர்ப்பக்கம் போய் முட்டினாலும் சரி, வேணாம். பேப்பர்ல நுனில இருந்து அடி வரைக்கும் ஓட்டிப் பாத்தா எங்கயாவது மாட்டுதான்னு தெரியும். பிரபலமான கம்பெனிங்களுக்கு போலி ரொம்ப வருது, பெட்டில இருந்து பிளேடு முத்திரை வரைக்கும் அப்படியே அடிச்சிடறாங்க, அதனால கம்பெனியோட சைட்ல போட்டிருக்கற அங்கீகரிச்ச விற்பனையாளர்கிட்ட மட்டும் வாங்குங்க. மத்த இடத்தவிட பாதி விலைக்குக் கிடைச்சா அது அந்தக் கத்தி இல்ல.

பராமரிப்பு பெரிசா எதுவும் இல்ல, பழம் வெட்டினா அப்பவே கழுவித் துடைச்சு திறந்தபடி காய வெச்சுட்டு மூடுங்க. பாக்கெட் பஞ்சு பிவட்ல போய் அடையும், எப்பவாவது பல்குச்சியால எடுத்துட்டு ஒரே ஒரு சொட்டு மினரல் ஆயில் விடுங்க. சமையல் எண்ணெய் விடாதீங்க, நாளாக ஆக பிசினா ஒட்டிக்கும்.

ஒரு வாரம் கவனிச்சதுல உங்க வேலை பார்சல், பழம், சின்னச் சின்ன வீட்டு வேலைதான்னா, ஒப்பினெல் நம்பர் 8 ஸ்டெயின்லஸ் வாங்கி அதுல தீட்டப் பழகுங்க. ஸ்க்ரூ டிரைவர், கத்தரிக்கோல் எல்லாம் சேர்ந்து வேணும்னாலோ, லாக் வெச்சதுக்கு உங்க இடத்துல தடை இருந்தாலோ விக்டோரினாக்ஸ் 91 மில்லி. ஒரு கைல பொருளப் பிடிச்சுக்கிட்டு மறு கையால மட்டும் கத்திய திறக்க வேண்டிய வேலை நிறைய இருக்கு, சட்டமும் இடம் குடுக்குதுன்னா அப்ப குறுக்குக் கம்பி லாக், ஃபுல் ஃபிளாட் கிரைண்ட், 14சி28என் பிளேடு, 100 கிராமுக்குக் கம்மி, இந்த நாலும் சேர்ந்து வர்ற மாடலா தேடுங்க. பெரிய விலை இல்லாமலே இப்ப நிறைய வருது.